குளிர் நாளில் தயங்கும் மோட்டார் கார்

மார்கழி பிறந்ததும் மோட்டார் கார் வைத்திருப்போர் பலரும் ஒரே குறையைக் கூறக் கேட்கிறோம். ஐப்பசி வரையில் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் புறப்பட்ட வண்டி, இப்பொழுது இரண்டு மூன்று முறை முனகி, இருமி, உடல் முழுவதும் குலுங்கிய பின்னரே ஓடத் தொடங்குகிறது. சில நாட்களில் அதுவும் இல்லை. உடனே பட்டறைக்குச் செல்கிறோம். அங்கே பிளக் மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். பெட்ரோல் பம்ப்பை மாற்ற வேண்டும் என்கிறார் மற்றொருவர். மாற்றியும் குறை தீராதபொழுது, "குளிர் காலத்தில் எல்லா வண்டியும் இப்படித்தான்" என்ற ஆறுதல் கிடைக்கிறது.

இந்த ஆறுதல் பாதி உண்மையே. நல்ல நிலையிலுள்ள கார், நம் நாட்டுச் சமவெளிகளில் நிலவும் குளிரில் முரண்டு பிடிப்பதில்லை. முரண்டு பிடிக்குமாயின், வண்டியில் முன்னரே ஒரு குறை இருந்திருக்கிறது. குளிர் அதை வெளிக்காட்டியிருக்கிறது. அக்குறை எது என்பதை ஒழுங்கான முறையில் ஆராய்ந்து கண்டுகொள்ளலாம். மொழிபெயர்ப்பே நம் தொழில், இயந்திரவியல் அன்று. ஆயினும் ஒரு வாக்கியத்தின் பொருள் விளங்காதபொழுது எந்தச் சொல்லில் சிக்கல் என்று தேடுகிறோம் அல்லவா? அதே முறைதான் இங்கும் பயன்படுகிறது.

சமவெளியும் மேட்டு நிலமும்

இதை விளக்குவதற்குச் சித்தூர், திருப்பதிப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது. தமிழும் தெலுங்கும் ஒரே வீதியில் ஒலிக்கும் இந்நிலத்தில், 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை இராச்சியத்துடன் இணைந்த பின்னரும், தமிழ்க் குடும்பங்கள் பல ஆந்திர எல்லைக்குள்ளேயே வாழ்ந்து வருகின்றன. அவர்களுடைய அன்றாடப் பயணமே சமவெளியிலிருந்து மேட்டுக்கும், மேட்டிலிருந்து சமவெளிக்கும் அமைந்திருக்கிறது.

திருப்பதி நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 160 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்திரை, வைகாசியில் அங்கே வெயில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது புதுமையன்று. திருமலையோ 850 மீட்டர் உயரத்தை ஒட்டியது. காற்று மண்டலத்தில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்பது பொது விதி. அதன்படி, கீழே இருக்கும் வெப்பத்தைக் காட்டிலும் மேலே நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். மேற்கே சித்தூரிலிருந்து மொகிலி கணவாய் ஏறிப் பலமனேர் சென்றால், கோலார் மேட்டுநிலத்தின் குளிர்ந்த காற்று வீசத் தொடங்குகிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபொழுது அதனின்று விலகிய மதனப்பள்ளியும் அத்தகைய மேட்டு நிலமே. காசநோய்க்கு மருந்து காணப்படாத காலத்தில், அந்நோயாளிகளுக்கான ஆரோக்கியவரம் மருத்துவ நிலையம் மதனப்பள்ளிக்கு அருகில் அமைக்கப்பட்டது. அதற்கும் அப்பால் 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் ஹார்ஸ்லி மலை நிற்கிறது. தை மாத விடியலில் அங்கே போர்வையின்றி வெளியே வர முடியாது.

ஆகவே மாலையில் திருப்பதியின் வெதுவெதுப்பில் ஓடிய கார், மறுநாள் விடியலில் மலைமேல் பனியில் நனைந்து நிற்கிறது. மதனப்பள்ளித் தக்காளிச் சந்தையில் சரக்கேற்றிய லாரி, இருள் பிரியுமுன் சென்னைக்குக் கிளம்ப வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் தாமதமானால் யாத்திரிகருக்கு மனவருத்தம். தக்காளிக்கு உரியவருக்கோ விலையே குறைந்துவிடும். மருத்துவமனைக்குப் புறப்படும் வண்டியாயின் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

எஞ்சின் புறப்பட வேண்டியவை

பெட்ரோல் எஞ்சின் உயிர்பெற நான்கு காரியங்கள் ஒருங்கே நிகழ வேண்டும். முதலாவது, ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைப் போதிய வேகத்தில் சுழற்ற வேண்டும். இரண்டாவது, பெட்ரோல் ஆவியாகிக் காற்றுடன் உரிய அளவில் கலக்க வேண்டும். மூன்றாவது, பிளக்கில் வலுவான தீப்பொறி உரிய நேரத்தில் எழ வேண்டும். நான்காவது, பிஸ்டன் அந்தக் கலவையை ஒழுகவிடாமல் அழுத்த வேண்டும். இந்நான்கில் முதல் மூன்றையும் குளிர் நேரே தாக்குகிறது.

பேட்டரியினுள் ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலத்துக்கும் இடையே நிகழும் இரசாயன மாற்றமே மின்சாரமாகிறது. 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே கண்ட இந்த அமைப்பு, அடிப்படையில் இன்றும் அப்படியே இருக்கிறது. குளிரில் இரசாயன மாற்றம் மெதுவாகிறது. உறைநிலையாகிய 0 டிகிரியில் பேட்டரி தன் வலிமையில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும் எனலாம். அதே வேளையில் எஞ்சினுக்குள் இருக்கும் எண்ணெய் குளிரில் தடித்து, சுழற்சியைத் தடுக்கிறது. எஞ்சின் மிகுந்த மின்சாரத்தைக் கேட்கும் அதே தருணத்தில் பேட்டரி குறைந்த மின்சாரத்தையே தருகிறது. குளிர் காலத் தொல்லைகளுள் பெரும்பாலானவற்றின் வேர் இந்த முரண்பாடே.

பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவியாகவே எரிகிறது. ஓர் எடைப் பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ பதினைந்து எடைப் பங்கு காற்று என்பது எஞ்சின் சூடேறிய பின் இருக்கவேண்டிய அளவு. குளிரில் பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் உலோகச் சுவரில் துளியாய்ப் படிந்துவிடும். அந்தக் குறையை ஈடுசெய்யக் கூடுதல் பெட்ரோல் செலுத்த வேண்டும். பழைய அம்பாசிடர், பத்மினிக் கார்களில் இதற்கெனச் சோக் என்ற குமிழ் ஒன்று இருந்தது. அதை இழுத்தால் காற்றின் வழி குறுகி, கலவையில் பெட்ரோலின் பங்கு மிகும். இன்றைய கார்களில் அக்குமிழ் இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அளக்கும் ஒரு சிறிய உணர்கருவி, வண்டியின் கணிப்பொறிக்குச் செய்தி அனுப்புகிறது. கணிப்பொறி அதற்கேற்பப் பெட்ரோலைக் கூட்டுகிறது. அவ்வுணர்கருவி பிழையான செய்தியைத் தந்தால், குளிர்ந்த எஞ்சினைச் சூடானது என்று எண்ணிக் கணிப்பொறி பெட்ரோலைக் குறைத்துவிடும். எஞ்சின் இருமுவதற்கும் குலுங்குவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

வெயிலில் விளைந்த கேடு

இங்கே பலர் அறியாத ஓர் உண்மையைக் குறிப்பிட வேண்டும். பேட்டரியைப் பெரிதும் கெடுப்பது குளிரன்று, வெயிலே. வெப்பம் மிகுந்தால் பேட்டரியிலுள்ள நீர் விரைவில் வற்றுகிறது. உள்ளே இருக்கும் ஈயச் சட்டங்கள் விரைவில் அரிக்கப்படுகின்றன. வெப்பம் 10 டிகிரி உயருந்தோறும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது துறையறிந்தோர் வழங்கும் பொதுக் கணக்கு. திருப்பதியின் கோடையில், எஞ்சினுக்கு அருகே மூடிய அறையில் அமர்ந்திருக்கும் பேட்டரி என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆனால் கோடையில் எஞ்சின் எளிதாகச் சுழல்வதால், நலிந்த பேட்டரியும் தன் வேலையை எப்படியோ செய்துவிடுகிறது. மார்கழியில் சற்று அதிக வலிமை தேவைப்படும்பொழுதே அதன் நலிவு புலனாகிறது. சித்திரையில் பட்ட அடி மார்கழியில்தான் தெரிகிறது.

தென்னாட்டிலிருந்து வடக்கே மாற்றலாகிச் செல்லும் அன்பர்கள் இதைச் சிறப்பாக நினைவில் வைத்தல் வேண்டும். திருப்பதியிலோ சென்னையிலோ மூன்று கோடை கண்ட பேட்டரியுடன் கார் டெல்லிக்குப் போய்ச் சேர்கிறது. டெல்லியில் 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் வெப்பம் 1.1 டிகிரிக்குத் தாழ்ந்தது. அத்தகைய விடியலில் அந்தப் பேட்டரியிடம் பழைய வலிமையை எதிர்பார்க்க முடியாது.

திருப்பதியை அடுத்த கரகம்பாடி இன்று பேட்டரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். 1985இல் கல்லா இராமச்சந்திர நாயுடு தொடங்கிய அமர ராஜா நிறுவனம் அங்கே பேட்டரிகளைச் செய்து நாடெங்கும் அனுப்புகிறது. எந்த நிறுவனத்தின் பேட்டரியாயினும், அதன்மேல் பொறித்துள்ள நாளைப் பார்த்து, மூன்று ஆண்டு கடந்திருந்தால் குளிர் வருமுன் ஒருமுறை சோதித்துக் கொள்வது அறிவுடைமை.

நோயை மூன்றாகப் பகுத்தல்

வண்டி சரியாகப் புறப்படவில்லை என்று பொதுவாகக் கூறுவதால் பயனில்லை. எவ்வாறு புறப்படவில்லை என்பதைக் காதால் கேட்டுப் பகுக்க வேண்டும். குறை மூவகைப்படும்.

முதல் வகையில், சாவியைத் திருப்பும்பொழுது எஞ்சின் மெதுவாக, இழுத்து இழுத்துச் சுழல்கிறது. அல்லது டக் டக் என்ற ஒலி மட்டும் கேட்கிறது. இது மின்சாரக் குறை. இங்கே பிளக்கையும் பெட்ரோல் பம்ப்பையும் ஐயுறுவது வீண். முன்விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்கலாம். விளக்கு மிகவும் மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது அதன் இணைப்புகளில் பழுது இருக்கிறது. விளக்கு பிரகாசமாகவே நின்று டக் என்ற ஒலி மட்டும் எழுந்தால், பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ அதன் மின்சாரத்தைச் சேர்த்துவிடும் சுவிட்சிலோ குறை இருக்கும்.

பேட்டரியின் இரு முனைகளிலும் வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், எஞ்சினை நிறுத்தி, முதலில் நெகட்டிவ் இணைப்பையும் பின்னர்ப் பாசிட்டிவ் இணைப்பையும் கழற்ற வேண்டும். சமையல் சோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, முதலில் பாசிட்டிவையும் இறுதியில் நெகட்டிவையும் இறுக்கிப் பூட்டி, மேலே சிறிது வாசலைன் தடவ வேண்டும். சில ரூபாய்ச் செலவில் முடியும் இந்தக் காரியத்தால் பல வண்டிகள் குணமடைந்ததுண்டு.

ஓரளவு விலை கொடுத்தால் மின் அழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் கிடைக்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் அது நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழ் என்றால் ஏறத்தாழ வெறுமை. சாவியைத் திருப்பி எஞ்சின் சுழலும்பொழுது அழுத்தம் 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால் பேட்டரியை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்பொழுது சாதாரணமாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் குற்றம் பேட்டரியில் அன்று. அதற்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரில் இருக்கலாம். புதிய பேட்டரி வாங்கிப் பூட்டினாலும் அந்தக் குறை தீராது.

நமக்குத் தெரிந்த அரசு ஊழியர் ஒருவர் திருப்பதியிலிருந்து டெல்லிக்கு மாற்றலானார். முதற் குளிர் காலத்திலேயே அவருடைய கார் மெதுவாகச் சுழலத் தொடங்கிற்று. ஒரு பட்டறையில் பிளக்குகளை மாற்றினார்கள். பின்னர்ப் பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி போயிற்று. இறுதியில், பேட்டரியின் நெகட்டிவ் கம்பி வண்டியின் உடலோடு சேருமிடத்தில் துரு ஏறியிருந்ததை முதியவர் ஒருவர் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, மறையை இறுக்கிக் கொடுத்தார். அன்றோடு தொல்லை நின்றது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றது என்ற ஒரு செய்தியை மட்டும் முன்வைத்து ஆராய்ந்திருந்தால், பிளக்கின் பேச்சே எழுந்திராது.

இரண்டாம் வகையில், எஞ்சின் விரைவாகவே சுழல்கிறது. ஆனால் தீப்பற்ற நெடுநேரம் ஆகிறது. இது பெட்ரோல் குறை. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சாவியை முழுவதும் திருப்பாமல், முன்பலகை விளக்குகள் எரியும் நிலையில் மூன்று விநாடி நிறுத்தி, பின்னர் அணைக்க வேண்டும். இவ்வாறு இரண்டு முறை செய்தபின் முழுவதும் திருப்ப வேண்டும். வண்டி உடனே புறப்பட்டால், இரவில் பெட்ரோல் குழாயின் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்பது பெரும்பாலும் உறுதி. பம்ப்பில் உள்ள தடுப்பிதழ் தேய்ந்திருக்கலாம். அல்லது இன்ஜெக்டர் ஒன்று ஒழுகலாம். இச்செய்தியைப் பட்டறையில் சொன்னால் அவர்களுடைய வேலையும் நம் செலவும் குறையும். பெட்ரோல் ஒழுகும் வாடை வீசினால் மட்டும் சோதனைகளை நிறுத்திவிட்டு உடனே பட்டறையை நாட வேண்டும்.

மூன்றாம் வகையில், எஞ்சின் புறப்பட்டுவிடுகிறது. ஆனால் ஓரிரு நிமிடம் குலுங்கி, சூடேறிய பின்னரே சீராகிறது. தலைப்பில் கூறிய தயக்கம் பெரும்பாலும் இதுவே. தேய்ந்த பிளக், அழுக்கடைந்த காற்று வடிகட்டி, கரி படிந்த திராட்டில், முன்னர்க் கூறிய வெப்ப உணர்கருவி ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்க்கலாம். இவற்றோடு, காற்றுக் குழாய்களின் இரப்பர் இணைப்புகளையும் நோக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் காய்ந்த இரப்பர் இறுகிவிடுகிறது. குளிரில் அது சுருங்கும்பொழுது கணக்கில் வராத காற்று உள்ளே நுழைந்து கலவையைக் கெடுக்கிறது. சூடேறியதும் இரப்பர் விரிந்து இடைவெளி அடைபடுகிறது. "காலையில் மட்டும் வருகிறது, பட்டறைக்குக் கொண்டு போனால் வருவதில்லை" என்று பலர் வருந்துவதன் இரகசியம் இதுவே. இத்தகைய வண்டியை முதல் நாள் மாலையே பட்டறையில் விட்டு, மறுநாள் காலை மெக்கானிக்கே முதலில் சாவியைத் திருப்பும்படி செய்வது நல்லது.

புகையும் ஒரு சாட்சியாகும். குளிரில் புகைக்குழாயிலிருந்து மெல்லிய வெண்ணிற ஆவி வந்து சிறிது நேரத்தில் மறைவது இயற்கை. அந்த வெண்புகை நீடித்து, இனிப்பு வாடை வீசி, ரேடியேட்டரில் நீரும் குறைந்து வந்தால், அந்நீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று பொருள். அந்த வண்டியை மேலும் ஓட்டலாகாது. நீலப் புகை எண்ணெய் எரிவதையும், கரும்புகை பெட்ரோல் மிகுவதையும் காட்டும்.

எண்ணெயும் டீசலும்

எஞ்சின் எண்ணெய்ப் புட்டியில் 5 டபிள்யூ 30 என்றோ 20 டபிள்யூ 50 என்றோ எழுதியிருப்பதைக் காண்கிறோம். டபிள்யூ என்னும் எழுத்து எடையைக் குறிப்பதாகப் பலர் கருதுகின்றனர். அது குளிர் காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாயின், அந்த எண்ணெய் குளிரிலும் எளிதில் ஓடும். பின்னுள்ள எண், சூடான நிலையில் அதன் தடிப்பைக் காட்டும். காரின் கைந்நூலில் குறித்த எண்ணெயையே ஊற்ற வேண்டும். தடித்த எண்ணெய் எஞ்சினுக்கு வலுவளிக்கும் என்ற நம்பிக்கையில் அதை மாற்றுவோர், மார்கழியில் தம் பேட்டரிக்குக் கூடுதல் சுமையை ஏற்றுகின்றனர்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றைப் பதினாறு மடங்கை ஒட்டி அழுத்தி, அதனால் எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றுகிறது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் அவ்வெப்பத்தை உலோகம் உறிஞ்சிவிடும். அதனால் பல டீசல் வண்டிகளில் குளோ பிளக் என்னும் சூடேற்றும் கம்பிகளை வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியவுடன் முன்பலகையில் சுருள் வடிவ விளக்கு ஒன்று எரியும்; அது அணைந்த பின்னரே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இச்சில விநாடிப் பொறுமை இல்லாமையே பல டீசல் கார்களின் காலைக் குலுக்கலுக்குக் காரணம். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைப்பதும் உண்டு. மதனப்பள்ளியில் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. லடாக் போன்ற இடங்களுக்கென, 33 டிகிரி உறைநிலைக்குக் கீழும் ஓடக்கூடிய தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் அறிமுகப்படுத்திற்று.

மலைச்சாலையில் ஓர் எச்சரிக்கை

திருமலைக்கு மோட்டார்ச் சாலை 1944இல் திறக்கப்பட்டது. மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவின் திட்டத்தில் உருவான அச்சாலை 36 கொண்டையூசி வளைவுகளைக் கொண்டது. 1974இல் இரண்டாம் சாலை அமைந்தபின், பழைய சாலை இறங்குவதற்கும் புதிய சாலை ஏறுவதற்கும் பயன்பட்டு வருகின்றன. மேலே இரவு தங்கி, விடியலில் கார் புறப்படாதபொழுது, "சரிவுதானே, உருட்டிவிட்டால் பற்றிக்கொள்ளும்" என்று நண்பர்கள் யோசனை கூறக்கூடும். அந்த யோசனையை ஒருபொழுதும் ஏற்கலாகாது.

எஞ்சின் ஓடாத காரில் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை ஓரிரு முறை மிதித்தவுடன் தீர்ந்துவிடும். பின்னர்ப் பிரேக் மிதி கல்லைப்போல் கடினமாகும். ஸ்டியரிங்கைத் திருப்ப உதவும் விசையும் இராது. சாவி அணைந்த நிலைக்குப் போய்விட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும். வளைவுகள் நிறைந்த சரிவில் இம்மூன்றும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றியும், தானியங்கிக் கியர் உள்ள கார்கள் உருட்டுவதால் புறப்பட மாட்டா. சமதளத்தில் தள்ளுவதும் நன்றன்று. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள மாசு நீக்கும் கருவியைச் சென்றடைந்து அதைக் கெடுக்கலாம்.

மற்றொரு காரின் பேட்டரியிலிருந்து தடித்த கம்பிகளால் மின்சாரம் பெறுவதே தக்க வழி. அதற்கும் ஒரு வரிசை உண்டு. சிவப்புக் கம்பியின் ஒரு முனையை நலிந்த பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் பூட்ட வேண்டும். கறுப்புக் கம்பியை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் பூட்டி, அதன் கடைசி முனையை நலிந்த காரின் எஞ்சினில், பேட்டரிக்குச் சற்று எட்டத்தில், வெறும் உலோகப் பகுதியில் பூட்ட வேண்டும். பேட்டரிக்கு அருகே தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். கடைசி இணைப்பில் எழும் பொறி அதை அணுகாதிருக்கவே இந்த ஏற்பாடு. வண்டி புறப்பட்டபின் இதே வரிசையைத் தலைகீழாக்கிக் கழற்ற வேண்டும். அந்நேரத்தில் அருகே பீடி, சிகரெட் கூடாது.

வட மாநிலங்களில் வாழ்வோருக்கு மற்றுமோர் எச்சரிக்கை. குளிருக்கு அஞ்சி, மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றலாகாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வருவதற்குள் உயிருக்கே கேடு சூழ்ந்துவிடும். கதவு சிறிது திறந்திருக்கிறது என்ற தைரியமும் போதாது. வண்டியை வெளியே கொண்டுவந்தே எஞ்சினை ஓடவிட வேண்டும். இன்றைய காருக்கு நெடுநேரச் சூடேற்றம் தேவையும் இல்லை. அரை நிமிடம் நிறுத்தி ஓடவிட்டு, பின்னர் முதற் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் போதும்.

குளிருக்கு முன் செய்ய வேண்டியவை

ஐப்பசி மாதத்திலேயே பேட்டரியைச் சோதித்தல் வேண்டும். நீர் ஊற்றும் வகைப் பேட்டரியாயின் தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். உப்பு மிகுந்த கிணற்று நீர் தகடுகளைக் கெடுத்துவிடும். நாமாக அமிலம் சேர்க்கவும் கூடாது. வாரத்துக்கு ஒருமுறையேனும் அரை மணி நேரம் காரை ஓட்டுவது பேட்டரிக்கு நல்லது. வெறுமையான பேட்டரியில் உள்ள திரவம் பெரிதும் நீராகவே இருப்பதால், சிம்லா, காஷ்மீர் போன்ற இடங்களில் அது உறைந்து வெடிப்புறக்கூடும். நிறைந்த பேட்டரிக்கு அந்த ஆபத்து இல்லை.

காலையில் புறப்படும்பொழுது விளக்கு, விசிறி, வானொலி அனைத்தையும் அணைத்துக் கிளச்சை முழுவதும் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். கிளச்சை மிதிப்பதால் கியர்ப் பெட்டியில் தடித்திருக்கும் எண்ணெயைச் சுழற்றும் வேலை ஸ்டார்ட்டருக்குக் குறைகிறது. பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல், ஒரு நிமிடம் இடைவிட்டு மீண்டும் முயல வேண்டும். இடைவெளி தந்தால் பேட்டரி சற்றுத் தெளியும், ஸ்டார்ட்டரும் கருகாது.

பேட்டரியை மாற்றும் நாள் வந்தால், பழையதைக் காயலான் கடையில் போடாமல் விற்பவரிடமே திருப்பித் தர வேண்டும். 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரும்பப் பெற்று முறையாக உருக்கிப் பயன்படுத்தும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. முறையற்ற இடங்களில் பேட்டரியை உடைத்து ஈயத்தை உருக்குவோரின் புகையும் தூசும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். நமக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாய் அதற்கு ஈடாகாது.

மோட்டார் கார் தோன்றிய காலத்தில் எஞ்சினைக் கையால் சுழற்றியே புறப்படச் செய்தனர். கைப்பிடி திரும்ப அடித்துக் கை முறிந்தோர் பலர். 1912ஆம் ஆண்டின் காடில்லாக் காரில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தபின் அந்தத் துன்பம் ஒழிந்தது. இன்று ஒரு விரலால் பொத்தானை அழுத்துகிறோம். அவ்வளவு எளிதாகிவிட்டதால், எஞ்சின் எழுப்பும் ஒலியைக் கவனிக்கும் பழக்கம் நம்மைவிட்டு அகன்றுவிட்டது. மெதுவாகச் சுழல்கிறதா, சுழன்றும் பற்றவில்லையா, பற்றியும் குலுங்குகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்துகொண்டு பட்டறைக்குச் செல்பவரிடம் வீண் செலவு வாங்குவது எவருக்கும் எளிதன்று. நேயர்கள் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், இந்தக் குளிர் காலத்தில் தங்கள் காரின் முதல் ஒலியைச் சற்று உற்றுக் கேட்குமாறு வேண்டுகிறோம்.